முன்கூட்டியே வரும் போன்: சிறு ஆடிட்டர் அலுவலகத்தில் கிளையன்ட் உறவு நீடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புதன்கிழமை காலை. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் என் கிளையன்ட் ஒருவர் போனில் வந்தார். "அம்மிணி, ரோட்டோரம் இருந்த இடத்தைக் கொடுத்துட்டேன். அட்வான்ஸ் 6 லட்சம் போன வாரமே வாங்கியாச்சு, ரொக்கமாத்தான். கணக்குல எப்படிக் காட்டுறதுங்க?"

எனக்குப் பகீரென்றது. நிலமோ வீடோ விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ முன்பணத்தை ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே தொகை அளவுக்கு அபராதம் வரலாம். 2015 ஜூன் முதல் இருக்கும் விதி. அவரிடம் அதைச் சொன்னபோது எதிர்முனையில் வெகுநேரம் சத்தமே இல்லை.

அதே மாதம் இன்னொருவர், நான்கு நிட்டிங் மிஷின் வைத்திருப்பவர், வேறொரு இடத்துக்காகக் கூப்பிட்டார். "நாளைக்கு அட்வான்ஸ் தர்றாங்களாம். ரொக்கமா வாங்கலாமுங்களா?" வேண்டாம், பேங்கில் போடச் சொல்லுங்கள் என்றேன். மூன்று நிமிடப் பேச்சு. அதோடு முடிந்தது.

முதலாமவர் என்னிடம் எட்டு வருடமாக இருந்தவர், இரண்டாமவர் இரண்டே வருடம். இருவருக்கும் ரிட்டர்ன் ஒரே நேர்த்தியோடுதான் போட்டோம். ஆனால் பணத்தில் கை வைக்கும் முன் என்னைக் கேட்க வேண்டும் என்று முதலாமவருக்குத் தோன்றவே இல்லை. பழைய வாட்ஸ்அப் செய்திகளைப் புரட்டியபோது காரணம் தெரிந்தது. எட்டு வருடத்தில் நான் அவரிடம் பேசியதெல்லாம் மூன்றே வகை: பில் அனுப்புங்க, பணம் கட்டுங்க, ஏன் இன்னும் தரலை. இப்படிப் பேசுகிற ஆளிடம் யார் யோசனை கேட்பார்கள்?

அன்றிலிருந்து உறவு உறுதியானதா என்பதற்கு ஒரே அளவுகோல்தான் வைத்திருக்கிறேன். அவர் காரியம் செய்த பிறகு கூப்பிடுகிறாரா, செய்வதற்கு முன் கூப்பிடுகிறாரா? கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த போன் ஒரு நாளாவது முன்னாடி வரவேண்டும் என்பதற்காக நாங்கள் பழகிக்கொண்டவை. வக்கீல், கட்டட இன்ஜினியர், இன்சூரன்ஸ் ஆலோசகர் எல்லோருக்கும் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் எனக்குத் தெரிந்தது ஆடிட்டர் தொழில், அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

படி 1: சேர்ப்பதற்கு முன் அவர் இடத்துக்குப் போங்கள்

புது கிளையன்ட் வருகிறார் என்றால் நம் ஆபீஸில் காபி கொடுத்துப் பேசி முடித்துவிடாதீர்கள். அவருடைய கம்பெனிக்கு ஒரு நடை போய் வாருங்கள். பில் புத்தகம் எங்கே கிடக்கிறது, பேங்க் வேலை யார் பார்க்கிறார்கள், வீட்டம்மா தொழிலில் இருக்கிறாரா, மகன் வருகிறானா என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். நான் முக்கியமாகக் கவனிப்பது கணக்குப்பிள்ளையை. முதலாளி உள்ளே வந்ததும் அவர் முகம் மாறுகிறதா என்று பார்ப்பேன். பயந்து வேலை செய்யும் கணக்குப்பிள்ளை தப்பை மறைப்பார், அந்தத் தப்பு ஒரு வருடம் கழித்து நம் மேஜையில் நோட்டீஸாக வந்து விழும்.

அங்கேயே மூன்று விஷயம் கேளுங்கள். கடைசி மூன்று வருட ரிட்டர்னும் பேலன்ஸ் ஷீட்டும் இருக்கிறதா? பதில் போடாத நோட்டீஸ் ஏதாவது உண்டா? பழைய ஆடிட்டரை விட்டு ஏன் வருகிறீர்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் எதில் மனம் புண்பட்டாரோ அதே இடத்தில்தான் உங்களிடமும் புண்படுவார். "போன் எடுக்க மாட்டாருங்க" என்று சொன்னால், உங்கள் ஆபீஸில் போன் எடுப்பது யார் என்பதை அன்றே முடிவு செய்யுங்கள்.

பழைய ஆடிட்டரைப் பற்றி ஒரு வார்த்தை தாழ்வாகப் பேசாதீர்கள். தணிக்கைப் பொறுப்பை ஏற்கும் முன் அவருக்கு எழுத்தில் தெரிவிப்பது நமக்குக் கட்டாயம், அதை வெறும் சடங்காக நினைக்காமல் முடிந்தால் போனிலும் பேசுங்கள். இரண்டு வரியில் அவர் சொல்வது சில சமயம் நம்மைப் பெரிய தலைவலியிலிருந்து காப்பாற்றும்.

சிலரைச் சேர்க்கவே கூடாது. "லோனுக்கு ஒரு பேலன்ஸ் ஷீட் வேணும், லாபத்தைக் கொஞ்சம் ஏத்திப் போட்டுக் கொடுங்க" என்று முதல் நாளே கேட்பவர் நாளைக்கு நம்மையும் மாட்டிவிடுவார். மரியாதையாக, ஆனால் அங்கேயே, முடியாது என்று சொல்லிவிடுங்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று இழுப்பது இருவருக்கும் நல்லதல்ல.

படி 2: ஒரே பக்கத்தில், தமிழில் எழுதிக் கொடுங்கள்

மனக்கசப்பில் பெரும்பகுதி "இதுவும் அதுல சேர்ந்ததுன்னு நெனச்சேன்" என்பதில்தான் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் ஏழு பக்கக் கடிதம் கொடுத்தால் அவர் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். எங்கள் தாளில் நான்கே பகுதிகள்: நாங்கள் செய்வது, செய்யாதது, நீங்கள் எந்தத் தேதிக்குள் எதைத் தர வேண்டும், பீஸ் எவ்வளவு.

"செய்யாதது" என்ற பகுதியைத் தயங்காமல் எழுதுங்கள். எங்கள் தாளில் உள்ள வரிகளில் சில: "நோட்டீஸ் வந்தால் பதில் போடுவதற்குத் தனிக் கட்டணம், வேலை தொடங்கும் முன் தொகையைச் சொல்லிவிடுவோம்." "தினசரி பில் பதிவது உங்கள் கணக்கர் வேலை, நாங்கள் சரிபார்ப்போம்." "உங்கள் ஓடிபியை எங்கள் ஆபீஸில் இந்த ஒரு எண்ணிலிருந்து கேட்டால் மட்டும் கொடுங்கள்." கடைசி வரி சேர்த்த பிறகு, எங்கள் பெயரைச் சொல்லி ஓடிபி கேட்ட ஒரு மோசடி ஆளை ஒரு கிளையன்ட் அடையாளம் கண்டு எங்களுக்கே தகவல் சொன்னார்.

இந்தத் தாளை அவர் முன்னால் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். கணக்குப்பிள்ளையும் பக்கத்தில் இருக்கட்டும்.

படி 3: மாதம் நான்கு செய்தி

எல்லாவற்றையும் விட இதற்குத்தான் அதிகப் பலன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுபவருக்கு இரண்டு கெடு. விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள், வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி 20ஆம் தேதிக்குள். நடுவில் 14ஆம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டலில் 2பி என்ற பட்டியல் வரும். கொள்முதலில் எந்த பில்லுக்கு இன்புட், அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்டும் வரியில் கழிக்கும் வசதி, கிடைக்கும் என்பதை அதில் பார்க்கலாம். பல ஆபீஸ்களில் நடப்பது என்ன? 19ஆம் தேதி இரவு, "சார், நாளைக்குள் 2,40,000 கட்டணும்" என்று ஒரு செய்தி போகும். கிளையன்ட் கையில் பணம் இருக்காது. ஏன் இவ்வளவு என்றும் தெரியாது. கோபம் அரசாங்கத்தின் மேல் வராது, நம் மேல்தான் வரும்.

நாங்கள் செய்வது இப்படி.

4ஆம் தேதி முதல் செய்தி: "நாளைக்குள் விற்பனை பில் எல்லாம் அனுப்பிவிடுங்கள். போன மாதம் இரண்டு கிரெடிட் நோட் விட்டுப்போனது, இந்த முறை பார்த்துக்கொள்ளவும்." பொதுவாக எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்பாதீர்கள். அவருக்கு மட்டும் பொருந்தும் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். அந்த ஒரு வரியில்தான் தன் கணக்கை யாரோ உண்மையில் பார்க்கிறார்கள் என்று அவருக்குப் புரியும்.

11ஆம் தேதி இரண்டாவது: "விற்பனை ரிட்டர்ன் போட்டாயிற்று. மொத்தம் இவ்வளவு." அவ்வளவுதான். வேலை முடிந்ததைச் சொல்வது வேலையில் பாதி.

15ஆம் தேதி மூன்றாவது, இதுதான் முக்கியம். 2பி-யை அவருடைய கொள்முதலோடு ஒப்பிட்டு, வராத பில்களைப் பெயரோடு அனுப்புவோம். "இந்த நூல் கடை உங்கள் மூன்று பில்லைக் காட்டவில்லை. இன்புட் 38,000 ரூபாய் இந்த மாதம் எடுக்க முடியாது. அவருக்குக் கொடுக்க வேண்டிய பணம் பாக்கி இருந்தால், கொடுக்கும் முன் பேசிவிடுங்கள்." சின்ன சப்ளையர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் திட்டத்தில் இருப்பார்கள். அவர்கள் இடைப்பட்ட மாதங்களிலும் 13ஆம் தேதிக்குள் பில்லை ஏற்ற போர்ட்டலில் வசதி இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. எங்கள் கிளையன்ட் அதைச் சொல்லி, சப்ளையரும் ஏற்றத் தொடங்கிய பிறகு, மாதாமாதம் முடங்கிய தொகை கைக்கு வந்தது. ஆடிட்டரால் பணம் மிச்சமாகிறது என்று ஒருவர் தன் கண்ணால் பார்ப்பது இந்த இடத்தில்தான்.

17ஆம் தேதி நான்காவது: கட்ட வேண்டிய தொகை, போன மாதத்தை விடக் கூடினால் ஏன் கூடியது என்று ஒரு வரி. மூன்று நாள் அவகாசம் இருப்பதால் பார்ட்டியிடம் வசூல் செய்தாவது கட்டிவிடுவார்.

வருமான வரியைத் தவணையாக முன்கூட்டியே கட்டும் அட்வான்ஸ் டேக்ஸுக்கும் இதே முறைதான். ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15ஆம் தேதிகளைச் சொல்வதற்கு ஆடிட்டர் தேவையில்லை, காலண்டர் போதும். இருபது நாள் முன்பே இதுவரையான லாபத்தைத் தோராயமாகப் போட்டு "இவ்வளவு ஒதுக்கி வையுங்கள்" என்று சொல்வதற்குத்தான் நாம்.

படி 4: கெட்ட செய்தி முதலில் உங்கள் வாயால் வரட்டும்

ஒரு முறை எங்கள் ஆபீஸ் தவறால் ஒரு டையிங் யூனிட்டின் 3பி ஒன்பது நாள் தள்ளிப்போனது. வரி கட்டுவதற்கான சலான் தயார் செய்தோம், அவருக்கு அனுப்ப மறந்துவிட்டோம். வரி 2,40,000. ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் ஒன்பது நாளுக்கு 1,065 ரூபாய், நாளுக்கு 50 வீதம் தாமதக் கட்டணம் 450, ஆக 1,515. தொகை சின்னதுதான். எங்கள் ஆபீஸ் பையன் "சலானோடு சேர்த்துக் கட்டச் சொல்லிடலாம் மேடம், கேட்க மாட்டார்" என்றான். அவர் கேட்டிருக்கவும் மாட்டார்.

நான் அப்போதே போன் செய்தேன். "தப்பு எங்களுடையது. 1,515 ரூபாய் கூடுதலாகிறது, அதை இந்த மாத பீஸில் கழித்துக்கொள்கிறோம். இனி சலான் அனுப்பியதும் நீங்கள் 'வந்தது' என்று பதில் போட வேண்டும், போடாவிட்டால் நாங்கள் கூப்பிடுவோம்." நடந்தது என்ன, செலவு யாருடையது, இனி என்ன மாற்றம். மன்னிப்பை நீட்டிக்கொண்டே போகாமல் இந்த மூன்றையும் சொன்னால் போதும். அவர் திட்டவில்லை. இரண்டு வாரம் கழித்து, தன் கணக்கில் வராத ஒரு விற்பனையைப் பற்றித் தானாகவே சொன்னார். நாம் நம் தப்பைச் சொன்ன பிறகுதான் அவருக்குத் தன் தப்பைச் சொல்லத் தைரியம் வந்தது என்று நான் முழுமனதோடு நம்புகிறேன்.

அப்படி அவர் சொல்லும்போது நம் முகம் முக்கியம். "ஏன் இப்படிப் பண்ணுனீங்க?" என்று ஆரம்பித்தால் அடுத்த முறை சொல்ல மாட்டார். முதல் கேள்வி "எப்போ நடந்தது, எவ்வளவு?" என்று இருக்கட்டும். சரி செய்யும் வழியைப் பேசி முடித்த பிறகு, சட்டம் என்ன சொல்கிறது என்று கண்டிப்பாக, குரல் உயர்த்தாமல் சொல்லுங்கள். வளைந்து கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தப்பான கணக்கில் கையெழுத்துப் போட மாட்டேன் என்பது எங்கள் கிளையன்ட்டுகள் எல்லோருக்கும் தெரியும்.

நோட்டீஸ் வந்தால் அதை அப்படியே வாட்ஸ்அப்பில் தள்ளிவிடாதீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஆங்கில நோட்டீஸைப் பார்க்கும் மனிதர் தூங்க மாட்டார். போர்ட்டலில் நாம் முதலில் பார்த்து, "ஒரு கடிதம் வந்திருக்கிறது, இரண்டு கணக்குக்கு நடுவில் வித்தியாசம் கேட்கிறார்கள், பதில் போட முப்பது நாள் இருக்கிறது, இந்த இரண்டு பேப்பர் மட்டும் வேண்டும்" என்று குரலில் சொல்லிவிட்டுப் பிறகு அனுப்புங்கள்.

படி 5: ஆள் மாறினாலும் ஞாபகம் மாறக் கூடாது

சிஏ படிக்கும் மாணவர்கள் நம் ஆபீஸில் வேலை பார்த்துப் பழகும் ஆர்ட்டிகிள்ஷிப் முன்பு மூன்று வருடம், 2023இல் வந்த புதுத் திட்டத்தில் இரண்டு வருடம். அதாவது ஒவ்வொரு கிளையன்ட்டும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புது ஆளிடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். அவர்களுக்கு இது எவ்வளவு எரிச்சல் என்பது நமக்கு எதிரில் தெரிவதே இல்லை.

ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பேடு வையுங்கள். கணக்கு விவரம் கணினியில் இருக்கிறது, இது வேறு. இதில் எழுதுவது இப்படி: காலை பத்து மணிக்கு முன் கூப்பிடக் கூடாது. கணக்கு பேச வேண்டியது தம்பியிடம், பணம் பேச வேண்டியது அண்ணனிடம். மில் பாக்கி விஷயமாக ஒரு வழக்கு இருக்கிறது. மகள் பிளஸ் டூ. வேலையை விட்டுப் போகும் பையன் புதுப் பையனைக் கூட்டிக்கொண்டு அந்தக் கம்பெனிக்கு ஒருமுறை போய் அறிமுகம் செய்துவிட்டுத்தான் போக வேண்டும். பெட்ரோல் காசு ஆபீஸ் செலவு.

ரகசியத்தைப் பற்றி ஒன்று. திருப்பூர் மாதிரி ஊரில் பக்கத்துப் பக்கத்துக் கம்பெனிகள் இரண்டுமே நம்மிடம் இருக்கும், வாங்குகிற ஒரே பார்ட்டிக்குத் துணி கொடுப்பார்கள். ஒருவர் விவரத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்வது நம் சட்டப்படி தொழில் ஒழுங்கீனம். ஆனால் யாரும் வேண்டுமென்று சொல்வதில்லை. மேஜையில் விரித்துக் கிடக்கும் பேலன்ஸ் ஷீட், திருப்பி வைக்காத கணினித் திரை, அவசரத்தில் வேறு எண்ணுக்குப் போன பைல், இப்படித்தான் போகிறது. பைல் பெயரில் கிளையன்ட் பெயர் இருக்கட்டும், அனுப்பும் முன் இன்னொருவர் பார்க்கட்டும். "அவருக்கு எவ்வளவுங்க டர்ன்ஓவர்?" என்று ஒருவர் சாதாரணமாகக் கேட்டால், "உங்களுடையதை அவர் கேட்டாலும் சொல்ல மாட்டேனுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

படி 6: பீஸைப் பற்றி வாய் திறந்து பேசுங்கள்

ஏப்ரலில் பேசுங்கள், வேலை எல்லாம் முடிந்த பிறகு அல்ல. பில்லில் "தொழில்முறைக் கட்டணம்" என்று ஒற்றை வரி போடாமல், செய்த வேலைகளைத் தனித்தனியாக எழுதுங்கள். கூட்டுவதாக இருந்தால் முந்தைய வருடத்தை விட என்ன வேலை கூடியது என்று சொல்லிக் கூட்டுங்கள். லாபத்தில் இத்தனை சதவீதம், ரீஃபண்ட் வந்தால் இவ்வளவு என்று பேசுவதற்குப் பட்டயக் கணக்காளர்களுக்குப் பொதுவாக அனுமதி இல்லை. பாக்கி வைப்பவரிடம் மூன்றாவது மாதமே கேட்டுவிடுங்கள். கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு அவர் போனை எடுக்காமல் இருப்பது எல்லாவற்றிலும் மோசம்.

படி 7: வருடத்தில் ஒரு நாள், கெடு இல்லாத நாள்

செப்டம்பர், அக்டோபர் ஆடிட் நெருக்கடி முடிந்து மூச்சு விட்டதும் ஒவ்வொருவரோடும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அவர் இடத்தில், ரிட்டர்ன் பேச்சு இல்லாமல். கையில் ஒரே ஒரு தாள் போதும்: யார் யார் எத்தனை நாளாகப் பணம் தரவில்லை என்ற பட்டியல்.

இதில் நம்மால் உண்மையாக உதவ முடியும். உத்யம் தளத்தில் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தி நிறுவனத்துக்கோ சேவை நிறுவனத்துக்கோ கொடுக்க வேண்டியதை, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் கொடுக்க வேண்டும். கெடு தாண்டினால் பணம் கொடுக்கும் வருடத்தில்தான் வாங்கியவர் அதைச் செலவாகக் கழிக்க முடியும். 2023-24 கணக்காண்டிலிருந்து இது நடைமுறை. பிற கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை (ஜாப்வொர்க்) செய்யும் எங்கள் எம்பிராய்டரி கிளையன்ட் ஒருவருக்கு இந்த விதியைச் சொல்லி, பில்லில் பதிவு எண்ணை அச்சடிக்க வைத்தோம். மார்ச் மாதத்தில் அவருக்குப் பழைய பாக்கிகள் வரத் தொடங்கின.

அப்புறம் ஒரு கடினமான கேள்வி, "உங்களுக்கு ஏதாவது ஆனால்?" கேட்கவே சங்கடமாக இருக்கும். ஆனால் தனிநபர் பெயரில் நடக்கும் தொழிலில் முதலாளி இறந்துவிட்டால் அவருடைய ஜிஎஸ்டி பதிவும் அவரோடு முடிந்துவிடும். வாரிசு புதிதாகப் பதிவு எடுத்து, மீதமுள்ள இன்புட்டை ஐடிசி-02 படிவம் வழியாக மாற்றிக்கொள்ள வேண்டும். பேங்க் கணக்கில் நாமினி இல்லாவிட்டால் கூலி கொடுக்கக்கூட உடனே பணம் எடுக்க முடியாது. பெரியவர் ஒருவர் இந்தக் கேள்விக்குப் பிறகு மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் இன்று இல்லை, மகள் என் கிளையன்ட். அந்தத் துக்கத்தின் நடுவிலும் அவர் முதலில் கூப்பிட்ட நான்கைந்து பேரில் நானும் ஒருத்தி.

படி 8: போகிறவரை நல்லபடியாக அனுப்புங்கள்

சிலர் போவார்கள். பீஸ் குறைவாக இன்னொரு இடம் கிடைத்திருக்கும், அல்லது மருமகன் ஆடிட்டராகி இருப்பார். காரணத்தை ஒருமுறை கேளுங்கள், வாதாட வேண்டாம்.

ஒரு வாரத்துக்குள் இவற்றைக் கொடுத்துவிடுங்கள்: போட்ட ரிட்டர்ன்களின் நகல், கையெழுத்தான பேலன்ஸ் ஷீட், கணக்கு மென்பொருளின் பேக்கப், எல்லா போர்ட்டல்களின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும், நிலுவையில் உள்ள நோட்டீஸ்களும் அவற்றின் கெடுவும். போர்ட்டலில் நம் ஆபீஸ் மொபைல் எண்ணோ ஈமெயிலோ இருந்தால் அவருடையதாக மாற்றிக் கொடுங்கள். இதைச் செய்யாமல் விடுவதால் ஓடிபிக்காக அவர் மாதாமாதம் நம்மைக் கெஞ்சும்படி ஆகிறது, அது பாவம். புது ஆடிட்டரின் கடிதத்துக்கு அன்றே பதில் போடுங்கள். வர வேண்டிய பாக்கி இருந்தால் அதையும் அந்தப் பதிலில் நேராக எழுதிவிடுங்கள்.

கொடுத்த பேப்பர்களின் பட்டியலில் அவரிடம் கையெழுத்து வாங்கி, அந்தப் பட்டியலை அவருடைய குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். குறிப்பேட்டைத் தூக்கிப் போட வேண்டாம். எங்களிடமிருந்து போனவர்களில் இருவர் திரும்பி வந்தார்கள், அவர்களில் ஒருவர் அந்த 6 லட்சத்துக்காரர். வந்த அன்று குறிப்பேட்டைப் பிரித்து, "காலை பத்து மணிக்கு முன் கூப்பிடக் கூடாது, அதானுங்களே?" என்று கேட்டேன்.